ஒன்றாம் தேதிகள்

எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் வந்தால் முதலில் தெரிவது சமையலறையில்தான். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அடுத்த நொடி தரை ஒருமுறை தூக்கிப் போடும். பல ஆயிரம் அடி கீழே, சுரங்கத்தில், பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்திருக்கும். ஷிப்டுக்கு ஆள் போயிருக்கிற வீட்டுப் பெண்கள் தெருவுக்கு வந்து நிற்பார்கள். கெட்ட செய்தி எதுவும் வராவிட்டால் உள்ளே போய்ச் சுவரைப் பார்ப்பார்கள்.

சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு பேப்பர் துண்டை ஒட்டி, அன்றைய தேதியை எழுதி வைப்பார்கள். அடுத்த அதிர்ச்சியில் பேப்பர் கிழிந்தால் விரிசல் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கிழியாவிட்டால் பயமில்லை. கோலார் தங்கவயலில் எந்த வீட்டுக்குப் போனாலும் காலண்டருக்குப் பக்கத்தில் இப்படி நாலைந்து தேதிகள் இருக்கும்.

எங்கள் வீட்டில் பேப்பர் வெட்டுவது அப்பா. மைதாப் பசை காய்ச்சுவது அம்மா. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள். தேதி எழுதுவது நான். நாலாம் வகுப்பிலிருந்து எழுதுகிறேன். பெங்களூரில் பி.எஸ்.சி. படித்த வருஷங்களில் மட்டும் அம்மா தெலுங்கு எண்களில் எழுதியிருந்தாள்.

அப்பா முனிரத்தினம், நந்திதுர்க் சுரங்கத்தில் டிம்பர் மேஸ்திரி. கீழே பாறைக்கு மரமுட்டு கொடுக்கிற ஆட்களுக்குத் தலைவர். இருபத்தெட்டு வருஷம், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் இறங்கி ஏறிச் சம்பாதித்ததில் கட்டிய வீடு எங்களுடையது. கம்பெனியின் வரிசை வீடுகளில், லைனில், பிறந்து வளர்ந்தவருக்குச் சொந்தச் சுவர் என்பது பெரிய விஷயம். வேலையிலிருந்து வந்ததும் குளிப்பதற்கு முன்னால் வீட்டை ஒருமுறை சுற்றி வருவார்.

1966 ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த ஏர் பிளாஸ்ட் பெரியது. பின்னறைச் சுவரில் மயிரிழையாக இருந்த விரிசல் விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்துவிட்டது. அப்பா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கொஞ்சம் நீளமான துண்டாக வெட்டி ஒட்டினார். நான் 19-8-66 என்று எழுதினேன். அவ்வளவுதான். அன்றைக்கு ஊரில் பாதி வீடுகளில் அதே தேதியை யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். இதற்காக யார் மேலாவது வழக்குப் போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பூமி மேல் வழக்குப் போட முடியாது. சம்பளம் கொடுக்கிற இடத்தின் மேலும் முடியாது.

ஆறு மாதம் கழித்து, பக்கத்து மனையில் சுலோச்சனாக்கா கிணறு வெட்டினாள்.

அவள் விதவை. மூன்று மாடு வைத்துத் தெருவுக்குப் பால் ஊற்றினாள். பேத்தமங்களா ஏரியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் ஒருவேளைதான் வரும். மனிதருக்கே போதாது. அதனால் கிணறு. பதினைந்து அடியில் பாறை வந்துவிட்டது. பிப்ரவரி பத்தாம் தேதி ஐந்து வெடி வைத்தார்கள். ஒரு கல் பறந்து வந்து எங்கள் கூரையில் இரண்டு ஓடுகளை உடைத்தது. சுலோச்சனாக்கா தானே புது ஓடு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஓடு இருக்கட்டும். கெணத்த மூடு," என்றார் அப்பா.

"இன்னாங்க மேஸ்திரி, தண்ணி வந்திச்சி. இப்ப மூடுன்றீங்களே," என்று அவள் சிரித்தாள். கேலிக்குச் சிரிக்கவில்லை. தண்ணீர் வந்த சந்தோஷம். அப்பா அதைக் கேலி என்றே எடுத்துக்கொண்டார். கிணறு எங்கள் சுவரிலிருந்து ஆறடியில் இருந்தது.

ஒரு வாரத்தில் அவர் மனதில் எல்லாம் இடம் மாறிவிட்டது. "வெடி வெச்சி என் சுவத்தப் பொளந்துட்டா" என்று முதலில் அம்மாவிடம் சொன்னார். பிறகு தெருமுனையில் ஏனோக்கின் டீக்கடையில் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னதில் அவரே நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அந்தச் சலுகை இல்லை. தேதி என் கையெழுத்தில் சுவரில் இருந்தது.

அப்பா பிடித்த வக்கீல் தம்மபாலன். மாரிக்குப்பம் லைனில் பிறந்தவர். அவர் அப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான். லைனிலிருந்து போய்ச் சட்டம் படித்து, கறுப்புக் கோட்டோடு திரும்பி வந்தவர்களில் ஒருவர். பௌத்தக் குடும்பம். சுலோச்சனாக்கா வீட்டிலும் புத்தர் படம்தான் இருக்கும். அப்பா அதற்காகவே அவரைத் தேடிப் போனார்.

"அவங்க ஆளையே நம்ம பக்கம் வெச்சிக்கினா, அவ எப்டி வாயத் தொறப்பா?" என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

சுவர் வெடியால் பிளந்தது, கிணற்றை மூட உத்தரவிட வேண்டும் என்று முன்சீப் கோர்ட்டில் பிராது கொடுத்தார்கள். அப்பா சொன்னதை நம்பி வக்கீல் எழுதினார். சுவரையும் கிணற்றையும் நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு கமிஷனர் வருவார் என்று கோர்ட் சொன்னது. அப்போதுதான் அப்பாவுக்கு அந்தப் பேப்பர் துண்டு நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. அப்பா ஈரத் துணியோடு பின்னறைக்குப் போனார்.

"சாரதா, பேனா எடுத்துக்கினு வா."

பழைய துண்டை நனைத்து உரித்து என் கையில் கொடுத்தார். எங்கும் கிழியாமல் முழுசாக வந்தது. அதன் இரண்டு ஓரத்திலும் சுவரில் தடவிய பசையின் பழுப்பு. நடுவில், விரல் அகலத்துக்கு, பசையே படாத வெள்ளைப் பட்டை. ஒட்டிய அன்றே பிளவு அவ்வளவு அகலம். அதற்குப் பிறகு, ஐந்து வெடி வைத்தபோதும், சுவர் அசையவில்லை. பௌதிகம் படித்திருக்க வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும்.

"அஞ்சி துண்டு ஒட்டறேன். வெடிக்கி முன்னாடி தேதியா எழுது. அப்பறம் வெடியில கிழிஞ்ச மாதிரி எல்லாத்தையும் கிழிச்சிடலாம்."

"இன்னா தேதிப்பா?"

"நீயே போடு. நீதான படிச்சவ."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை இங்கே எழுதிவிட வேண்டும். எனக்குச் சத்தமாகப் பேச வராது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் நின்றிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் பேசாமல் இருந்ததற்குக் கூச்சம் காரணமில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். என்ன தேதி போட்டால் நம்பும்படி இருக்கும் என்று. சோதனைக்கூடத்தில் சம இடைவெளியில் எடுத்த அளவுகளுக்குத்தான் மதிப்பு. அப்படியே போட்டேன். 1-10-66. 1-11-66. 1-12-66. 1-1-67. 1-2-67. புதிதாகத் தெரியாமல் இருக்க மையில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அப்பா ஒவ்வொரு துண்டையும் நடுவில் பென்சிலால் அழுத்திக் கிழித்தார். பழைய துண்டை அடுப்பில் போடச் சொன்னார். நான் அதை என் பௌதிக ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்தேன். எதற்கு என்று அப்போது தெரியாது.

அடுத்த ஞாயிறு வக்கீல் வீட்டுக்கு வந்தார். கமிஷனர் வருவதற்கு முன்னால் தானும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். அம்மா மோர் கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பின்னறைக்கு வந்தார்.

அப்பா துண்டுகளைக் காட்டினார். வக்கீல் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார்.

"யார் எழுத்து?"

"எங்க சாரதா எழுத்து. பி.எஸ்.சி. வாத்தியார் வேலைக்கி எழுதிப் போட்டுக்கீறா."

"அந்தந்த தேதியில எழுதினியாம்மா?"

"ஆமா சார்."

இரண்டே வார்த்தை. தெளிவாக வந்தது.

அவர் மோரைக் குடித்து முடித்தார். "ஜனவரி ஒண்ணாந் தேதி எந்த ஏர் பிளாஸ்ட் மேஸ்திரி?"

அப்பா கடைசித் துண்டின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திவிட்டார்.

"டிசம்பர் ஒண்ணாந் தேதி? எனக்கு ஞாபகம் இல்ல. அதான் கேக்கறேன்."

"சும்மா ஒட்னதுதான். சுவரு எப்டி கீதுன்னு பாக்க."

"சும்மா ஒட்னீங்க. மாசாமாசம். ஒண்ணாந் தேதி ரேஷன் வாங்கற மாதிரி." வக்கீல் சிரிக்கவில்லை. "ஆகஸ்ட் பத்தொம்பது எங்க?"

"அன்னிக்கு ஒட்டல."

"ஊரே ஒட்டிச்சி. எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது, அவங்களே தடவிப் பாத்து ஒட்டச் சொன்னாங்க. நந்திதுர்க் டிம்பர் மேஸ்திரி ஒட்டலியா?"

நான் சுவரைப் பார்த்தேன். எங்கள் ஊரில் யாரும் ஒன்றாம் தேதி என்று பேப்பர் ஒட்டுவதில்லை. பூமி அதிர்ந்தால்தான் ஒட்டுவார்கள். எந்தச் சுவரிலும் தேதிகள் தாறுமாறாகத்தான் இருக்கும், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு, பிறகு எட்டு மாதம் ஒன்றுமில்லாமல். பிறந்ததிலிருந்து பார்த்தது. நானே எழுதியது. அதை மறந்துவிட்டு அளவுப் பட்டியல் எழுதியிருந்தேன்.

வக்கீல் டம்ளரை என்னிடம் கொடுத்தார். "மோர் நல்லா இருந்திச்சின்னு அம்மா கிட்ட சொல்லும்மா." அப்பாவிடம், "நாளைக்கி ஷிப்ட் முடிஞ்சதும் ஆபீசுக்கு வாங்க. பொண்ணையும் கூட்டிக்கினு வாங்க," என்றார்.

அவர் ஆபீஸ் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தையல்கடைக்கு மேலே. கீழே மெஷின் ஓடுவது தரையில் தெரியும். அப்பாவுக்கு நாற்காலி போட்டார். எனக்கும் போட்டார். நான் நுனியில் உட்கார்ந்தேன்.

"அந்தத் துண்ட எல்லாம் எடுத்துடுங்க மேஸ்திரி," என்றார். "அத வெச்சிக்கினு நான் கேஸ் நடத்த முடியாது. நாளைக்கி இந்தப் பொண்ணு கூண்டுல ஏறி நிக்கும். இதெல்லாம் அப்ப எழுதினதான்னு நான்தான் கேக்கணும். பொய்யின்னு தெரிஞ்சிக்கினு என்னால கேக்க முடியாது. அதுக்கு மேல, இது சின்னப் பொண்ணு."

"இன்னா பொய்யி? நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல. நானும் லைன்ல பொறந்தவன்."

தம்மபாலன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கெணறு ஆறடியில கீது. அது நெஜம். மழை பேஞ்சா மண்ணு சரியும், உங்க கடக்கால் நிக்காது. உள்ள கல்லு கட்டு, சுத்திச் சுவரு வைன்னு கேக்கலாம். அதுல நியாயம் கீது. பிராத மாத்தி எழுதறேன். அந்தம்மாவும் ஒத்துக்குவாங்க."

"மூடணும்," என்றார் அப்பா.

"மூட மாட்டாங்க. மூணு மாடு கீது."

"மூடணும் வக்கீலே. நீங்க யாருக்கு வக்கீலு?"

தம்மபாலன் மேஜை மேலிருந்த கேஸ் கட்டை எடுத்துச் சிவப்பு நாடாவைச் சுற்றினார். "அப்ப நான் இதுல இல்ல மேஸ்திரி. வக்காலத்துல இருந்து விலகிக்கறேன். முறைப்படி நோட்டீசு அனுப்பறேன். உங்க பேப்பர் எல்லாம் திருப்பிக் குடுத்துடறேன். வேற வக்கீல் வெச்சிக்க டைம் இருக்குது." பிறகு, "இங்க பேசினது இங்கியே இருக்கும். நான் யார் கிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது. அந்தப் பயம் உங்களுக்கு வேணாம்," என்றார்.

அவர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. படியில் இறங்கும்போது அது கருணை என்று புரிந்தது. அதைத் தாங்குவது கடினமாக இருந்தது.

நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. கோடை விடுமுறை முடிந்து ஜூனில் கோர்ட் திறந்ததும் அவர் மெமோ கொடுத்தார். அப்பாவோடு நானும் போயிருந்தேன். நாற்காலிகள் போதாமல் கதவோரம் நின்றோம். முன்சீப் மெமோவைப் படித்துவிட்டு, கட்சிக்காரருக்கு ஆட்சேபணை உண்டா என்று கன்னடத்தில் கேட்டார்.

அப்பா பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் சொன்னார்: "எதுக்குப் போறாருன்னு அவரையே கேளுங்க சாமி."

முன்சீப் வக்கீலைப் பார்த்தார்.

"காரணம் சொல்லும் நிலையில் நான் இல்லை," என்றார் தம்மபாலன். "அனுமதி கேட்கிறேன்."

முதல் வரிசையில் இரண்டு இளம் வக்கீல்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதுகிற குமாஸ்தாகூட நிமிர்ந்து பார்த்தார். ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பியிருப்பார்கள். அவர் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். முன்சீப் கையெழுத்துப் போட்டார். அப்பாவுக்கு வேறு வக்கீல் வைத்துக்கொள்ள மூன்று வாரம் கொடுத்தார்.

அந்த மூன்று வாரத்தில் அப்பா டீக்கடையில் பேசியதைத் தெருவே கேட்டது. நான் தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

"நடுவழியில வுட்டுட்டுப் போய்ட்டான். இன்னா இருந்தாலும் அவங்க அவங்கதான். ஒரே கூட்டம்."

ஏனோக்கு டீயை ஆற்றிக்கொண்டே, "மேஸ்திரி, போன மாசம் அந்தாளு மாதிரி வக்கீலே ஜில்லாவுல இல்லன்னீங்க," என்றார்.

"அப்ப தெரியல."

"அந்தாளு இன்னா ஜாதின்னா? தெரிஞ்சிதானே போனீங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களே வேறு இடத்தில் அப்பா சொன்னதைத்தான் சொன்னார்கள். காரணம் இல்லாமல் ஒரு வக்கீல் போவாரா? காரணம் வேறு என்னவாக இருக்கும்?

ஒரு சாயங்காலம் தம்மபாலன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாகப் போனார். காற்று இறங்கியிருந்தது. பெஞ்சிலிருந்து ஒருவர், "வக்கீல் சார், இன்னிக்கி எந்தப் பக்கம்?" என்றார். தம்மபாலன் நிற்கவில்லை. பத்தடி பின்னால் இடுப்பில் குடத்தோடு நான் வந்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் எப்போதும்போல் லேசாகத் தலையசைத்தார். நான் குடத்தைப் பார்த்தேன்.

அவருக்கு வாய் கட்டியிருந்தது. எனக்குக் கட்டவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. யாரிடம், எப்படி, எந்தக் குரலில் என்பதுதான் தெரியவில்லை.

அப்பா கோலாரில் ஒரு புது வக்கீலைப் பிடித்தார். பெரிய குரல்காரர். ஜூலை இரண்டாவது வாரத்தில் கமிஷனர் வந்தார். அவரும் கோலாரில் வக்கீல்தான். கோர்ட் நியமித்ததால் அன்றைக்குக் கமிஷனர். கையில் அளவு நாடா, பலகையில் செருகிய காகிதங்கள். தெருவே கூடிவிட்டது. பின்வாசலிலும் ஜன்னலிலும் தலைகள். ஏனோக்கு கடையை விட்டுவிட்டு வந்திருந்தார். சுலோச்சனாக்கா பால் கேனைக் கீழே வைத்துவிட்டு, எதிர்க்கட்சி என்பதால் அறைக்குள் விடப்பட்டு, ஒரு மூலையில் நின்றாள். அவள் தரப்பு வக்கீல் மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார்.

கமிஷனர் கிணற்றை அளந்தார். பிளவை அளந்தார். பேப்பர் துண்டுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ரொம்ப ஒழுங்கா வெச்சிருக்கீங்களே."

"பொண்ணு பி.எஸ்.சி.," என்றார் புது வக்கீல், தெருமுனைக்குக் கேட்கும்படி.

"ஏம்மா, நீதானா? மாசாமாசம் எழுதினியா?"

ரெக்கார்டு நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தேன். "இல்ல," என்றேன்.

"என்ன சொன்னே?"

"ஏப்ரல்ல எழுதினேன். எல்லாத்தையும்."

"சத்தமா சொல்லும்மா. எனக்குக் காது மந்தம்."

அவருக்குக் காது மந்தம் இல்லை. என் குரல்தான் எழவில்லை. ஜன்னலில் யாரோ, "இன்னா சொல்லுது?" என்று கேட்டார்கள். யாரோ, "ஒண்ணும் கேக்கல," என்றார்கள். ஒருமுறை சொல்வதற்கு இருந்த தைரியம் செலவாகிவிட்டது. மூன்றாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

"எல்லாத் துண்டும் ஏப்ரல் இருபத்தி மூணாந் தேதி எழுதினேன். ஒரே நாள்ல. சுவரு ஆகஸ்ட்ல ஏர் பிளாஸ்ட்ல பொளந்திச்சி. இதுதான் அன்னிக்கு ஒட்டின பேப்பர்."

நோட்டைத் திறந்து துண்டை எடுத்தேன். நோட்டை மூடும்போது அது நழுவிக் கீழே விழுந்தது. கமிஷனரே குனிந்து எடுத்தார். வெள்ளைப் பட்டையை விரலால் அளந்தார். பிறகு போய்ச் சுவரின் பிளவில் வைத்து அளந்தார். சரியாக இருந்தது.

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல," என்றார் அப்பா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். புது வக்கீல், "கமிஷனர் சாட்சி விசாரிக்க வரல," என்று ஆரம்பித்தார். கமிஷனர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"இன்னொண்ணு சார்," என்றேன். "தம்மபாலன் சார் இத கண்டுபுடிச்சிட்டாரு. அதனாலதான் கேஸ வுட்டுப் போனாரு. அவர் யார் பக்கமும் சாயல."

கமிஷனர் பேனாவை நிறுத்தினார். "அது என் அறிக்கையில வராதும்மா. நான் சுவரையும் கிணத்தையும்தான் பாக்க வந்தேன்."

எழுதவில்லை. முந்தையதை விட அதுதான் எழுதப்பட வேண்டும் என்று இருந்தேன். ஜன்னலைப் பார்த்தேன். கேட்டவர்கள் கேட்டிருப்பார்கள். ஏனோக்கு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு சுலோச்சனாக்கா கேனை எடுக்க வந்தாள். நான் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்குத் தெரியும்மா," என்றாள். "ஆகஸ்ட்லருந்து தெனம் இந்தப் பின்வாசல்லதான பால் ஊத்தறேன். அந்தப் பேப்பர் என் கண்ணு முன்னாடிதான் இருந்திச்சி. ஏப்ரல்ல ஒரு நாளு காணோம். அஞ்சி புதுசு இருந்திச்சி."

"ஏங்கா கோர்ட்ல சொல்லல?"

"படிச்ச பொண்ணு கையால எழுதி ஒட்டிக்கீது. பால்காரி இன்னா சொல்றது?" அவள் குரலில் கோபமில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நாமதான் தப்பாப் பாத்தோமோன்னு நெனச்சிருக்க மாட்டேன். ரெண்டு நாளு அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் வழக்கம்போல் பால் ஊற்றினாள். அளவு குறையவில்லை. எனக்குத்தான் கதவைத் திறக்கப் போக முடியவில்லை. அம்மா போனாள்.

வழக்கை அப்பா திரும்பப் பெற்றார். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். என்னைத் திட்டவில்லை. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை. என்னிடம் பேச வேண்டியதை அம்மா மூலம் பேசினார். "அவளுக்கு லெட்டர் வந்துக்கீது," என்பார், நான் எதிரில் நிற்கும்போதே. அந்த லெட்டர் வேலை உத்தரவு. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை.

வேலையில் சேர்வதற்கு முன்னால் தம்மபாலன் ஆபீசுக்குப் போனேன். தையல்கடைப் படியில் இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு மூன்றாவது தடவை உள்ளே போனேன். அவர் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. உக்காரு."

உட்காரவில்லை. "சார், கமிஷனர் வந்தப்ப நான்..."

கையைத் தூக்கி நிறுத்தினார். "உங்கப்பா என் பழைய கட்சிக்காரர். அந்தக் கேசப் பத்தி நான் பேசக் கூடாதும்மா. கேக்கவும் வேணாம்."

"உங்களப் பத்தித் தப்பா..."

"பேசக் கூடாது," என்றார் மறுபடியும், மெதுவாக.

மன்னிப்பு எழுதித் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். நாலு வரி, மனப்பாடமாக. ஒரு வரிகூடச் சொல்ல இடம் இல்லை. அவர் என்னை மன்னித்தாரா, தெருவில் நடந்தது அவர் காதுக்கு வந்ததா, எதுவும் தெரியவில்லை. வேலை கிடைத்ததைச் சொன்னேன். நல்லது என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். படி வரைக்கும் வந்து, விளக்கு இல்லை, பார்த்து இறங்கு என்றார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம் டம்ளர்கள் இடித்துக்கொண்டன. தரை தூக்கிப் போட்டது. சுலோச்சனாக்கா வீட்டில் மாடு கத்தியது. கொஞ்ச நேரம் கழித்து எல்லாம் அடங்கியது. அப்பா பின்னறைக்குப் போனார். ஒன்றாம் தேதித் துண்டுகளை எப்போதோ சுரண்டி எடுத்திருந்தார். அந்த இடங்களில் சுண்ணாம்பு உரிந்து ஐந்து கட்டங்கள் தெரிந்தன.

அவர் பேப்பர் வெட்டினார். அம்மா பசை கொண்டுவந்தாள். நான் பேனாவைத் திறந்துகொண்டு கதவருகே போய் நின்றேன். அப்பா ஸ்டூலில் ஏறித் துண்டைப் பிளவின் குறுக்கே வைத்து, இரண்டு ஓரத்தையும் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் ஒருமுறை பார்த்தார், பேனாவை.

என்னைத் தாண்டி வெளியே போனார்.

பசை காய்கிற வரைக்கும் நின்றேன். எழுது என்று அப்பா கூப்பிடவில்லை. நானாகவும் எழுதவில்லை. துண்டு இன்னும் அந்தச் சுவரில் வெறுமையாகவே இருக்கிறது. என்றைக்கு ஒட்டியது என்று கேட்டால் சொல்வதற்கு அதில் எதுவும் இல்லை.